வலது கெண்டைக்கால்

ஜூலை 1, திங்கள்

பிசியோதெரபி கல்லூரியில் இன்று என்னை நோயாளியாக எடுத்துக்கொண்டார்கள். இறுதியாண்டுப் பிள்ளைகளின் தேர்வுக்கு நோயாளி போல் நடிக்க வெளியாட்கள் தேவை என்று பாளையங்கோட்டை நூலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். உண்மையான நோயாளியிடம் தவறு செய்வதற்கு முன்னால் பொய் நோயாளியிடம் செய்து பார்க்கட்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஒன்பது வருடம் தாமதமாக வந்திருக்கிறது.

சண்முகவடிவு மேடம்தான் தேர்வுக்குப் பொறுப்பு. ஐம்பது வயது இருக்கும். ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதன்படி நான் கோமதிநாயகம், வயது 68. வலது இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள். என்னை எழுப்பி நடக்க வைக்கும்படி மாணவருக்குச் சொல்லப்பட்டிருக்கும். ஆனால் என் வலது கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது, காலையிலிருந்து லேசாக மூச்சு வாங்குகிறது. இதை மாணவர் கேட்டால்தான் நான் சொல்ல வேண்டும். கேட்காமல் வாயைத் திறக்கக் கூடாது. காலில் ரத்தம் கட்டியிருக்குமோ, நடக்க வைத்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்குமோ என்று அவருக்குத் தோன்ற வேண்டும். தோன்றினால் எழுப்பாமல் டாக்டரைக் கூப்பிடுவார். தோன்றாதவர் பிடித்து நடக்கும் வாக்கரை நீட்டுவார்.

வாக்கரை நீட்டியவன் ஒருவனை எனக்குத் தெரியும். பேச்சியம்மாளுக்கும் ஐந்தாம் நாள்தான். எட்டு அடி நடந்தாள்.

மேடத்திடம் இதைச் சொல்லவில்லை. நோயாளியும் ஐந்துக்கு மார்க் போட வேண்டுமாம். மனைவியைப் பறிகொடுத்தவன் என்று தெரிந்தால் போட விடமாட்டார்கள்.

ஜூலை 2, செவ்வாய்

தாளில் ஏழு பிழைகள் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தேன். நான் எட்டாம் வகுப்பு. டெலிபோன் இலாகாவில் கம்பத்தில் ஏறியவன், லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். ஆனால் உடற்கூறு புத்தகம் இரண்டை அகராதி வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறேன். மேடம் வாசித்துவிட்டு, "சார், இதுல ரெண்டு சரிதான்" என்றார்கள். மீதி ஐந்தைப் பற்றிப் பேச்சில்லை. தவறை ஒத்துக்கொள்ளும் பழக்கம் படித்தவர்களுக்கு இல்லை.

பயிற்சி அறையைப் பார்த்துக்கொள்பவன் பிச்சையா. நாற்பது வயது, வாய் ஓயாதவன். தோல் நிறத்தில் இரண்டு நீளக் காலுறைகள் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் கால் வீக்கத்துக்குப் போடுவார்களே, அவை. வலது காலுறைக்குள் பஞ்சுப் பட்டை ஒன்றை வைத்துத் தைத்திருக்கிறான். போட்டால் வலது கெண்டைக்கால் இடதைவிட மூன்று சென்டிமீட்டர் பெருத்திருக்கும். டேப் வைத்து அளந்தால் தெரியும்.

"வீட்டுல போட்டுப் பழகிக்கிடுங்க அண்ணாச்சி. பரீட்சை அன்னைக்கு அரிக்கிது கிரிக்கிதுன்னு சொரியப்பிடாது."

எட்டாம் தேதி வரை தினமும் பத்து மணிக்கு ஒத்திகை.

ஜூலை 3, புதன்

எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்வது என் வழக்கம். மற்ற நோயாளிகள் (இடுப்பு வலிக்கு ஒருவர், தோள் வலிக்கு ஒரு அம்மாள்) கட்டிலில் ஏறிய பிறகுதான் முனகுகிறார்கள். அது நடிப்பு இல்லை, சோம்பேறித்தனம். பஸ் நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாசல் வரை கால் மைல். காலுறையைப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தத் தூரம் முழுக்க வலது காலை இழுத்தே நடந்தேன். நடுநடுவே நின்று கெண்டைக்காலைப் பிடித்துவிட்டு மூச்சு வாங்கினேன். சாரல் காற்று எதிரே அடித்ததால் மூச்சு இயல்பாகவே வாங்கியது.

திரும்பும்போதும் அப்படியே.

ஜூலை 4, வியாழன்

பஸ்ஸில் கண்டக்டர் ஆளை எழுப்பி இடம் கொடுத்தார். நன்றாக வருகிறது.

ஜூலை 5, வெள்ளி

மாணவியர் விடுதிக்கு எதிரே, டீக்கடைப் பக்கம் நின்று காலை நீவிக்கொண்டிருந்தேன். துப்பட்டாவை முகம் மறையச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்து ஓடி வந்தாள்.

"தாத்தா, இந்தக் கால் எத்தனை நாளா வீங்கியிருக்கு?"

"ஏன்?"

"மூச்சும் வாங்குதே. நடக்காதிய தாத்தா. இங்ஙனயே உக்காருங்க, நான் ஆட்டோ கூப்பிடுதேன். இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிருங்க."

முன்பின் தெரியாத பெண் நடுரோட்டில் இவ்வளவு அக்கறை காட்டினால் என்ன அர்த்தம்? முதலில் ஆட்டோ, பிறகு ஆஸ்பத்திரி, பிறகு கமிஷன். "உன் சோலியைப் பாத்துட்டுப் போ" என்று ஏசிவிட்டு நடந்தேன். இழுத்துத்தான் நடந்தேன், ஆரம்பித்ததைப் பாதியில் விடக்கூடாது. அவள் கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்தாள்.

இதில் ஒரு திருப்தி. என் கால் யாரையும் ஏமாற்றும்.

ஜூலை 8, திங்கள்

கடைசி ஒத்திகை. கேஸ் யாருக்கும் தெரியக்கூடாது என்று மேடத்திடம் மறுபடி சொன்னேன். கேள்வித்தாள் வெளியே போவதெல்லாம் பேப்பரில் படிக்கிறோம். "உங்களுக்கும் எனக்கும் பிச்சையாவுக்கும்தான் தெரியும் சார். கவலைப்படாதீங்க" என்றார்கள்.

பிச்சையா விடுதிப் பிள்ளைகளோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். கவலைப்படாமல் எப்படி இருப்பது?

ஜூலை 9, செவ்வாய்

தேர்வு முதல் நாள். பதினான்கு பேர். ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். மேடம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம், தலைக்கு மேல் கேமரா, கட்டிலில் நான்.

கேஸ் வெளியே போய்விட்டது.

முதலில் வந்த பெண் என்னைப் பார்த்ததும், "தாத்தா, நீங்களா!" என்றாள். பார்வை நேராக வலது காலுக்குப் போனது. வணக்கம் இல்லை, பேர் கேட்கவில்லை, எப்போது ஆபரேஷன் என்று கேட்கவில்லை. "கெண்டைக்கால் வலிக்குதா, மூச்சு வாங்குதா?" எடுத்த எடுப்பிலேயே இரண்டும். அடுத்தவனும் அப்படியே. மூன்றாவது வந்தவள் உதட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். பதினான்கில் பதினோரு பேர் கதவைத் திறந்ததுமே வலது காலைப் பார்த்தார்கள். நான்கு பேர் டேப்பைத் தொடவே இல்லை. தெரிந்த விடைக்கு அளவு எதற்கு?

மேடத்துக்கு வாயெல்லாம் பல். "இந்த வருஷம் ரொம்ப நல்ல பேட்ச் சார்."

நல்ல பேட்ச்!

யோசித்துப் பார்க்கிறேன். கேஸ் தெரிந்தவர்கள் மூன்று பேர். என்னைக் கழித்தால் இரண்டு.

ஜூலை 10, புதன்

லைனில் பழுது என்றால் நாங்கள் நடுவில் ஓரிடத்தில் கம்பியை அறுத்துவிட்டு இரண்டு பக்கமும் சோதிப்போம். எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அதையேதான் இன்று செய்தேன்.

காலையில் தேர்வு தொடங்குவதற்கு முன் கழிப்பறைக்குள் போய்க் காலுறைகளை மாற்றிப் போட்டுக்கொண்டேன். வீக்கம் இன்று இடது காலில். யாரிடமும் சொல்லவில்லை. ரத்தம் எந்தக் காலிலும் கட்டலாம், புத்தகத்தில் இருக்கிறது. நோயாளியைப் பார்த்து வைத்தியம் செய்பவருக்கு இடது தெரியும். கேட்டு வந்தவர்களுக்கு வலதுதான் தெரியும்.

பதிமூன்று பேர். ஒன்பது பேர் நேராக வலதுக்குப் போனார்கள். அதில் ஆறு பேர் செய்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. பார்த்தார்கள், விரலால் லேசாக அழுத்தினார்கள், தாளில் 'வலது கெண்டைக்கால் வீக்கம்' என்று ஆளுக்கொரு அளவு எழுதிவிட்டுப் போனார்கள். இல்லாத வீக்கத்துக்கு அளவு! பக்கத்தில் இடது கால் பூசணிக்காய் போல் கிடக்கிறது.

ஒரு பெண் மட்டும் வசமாக மாட்டினாள். எப்சிபா என்று பெயர். ஒல்லியாக, பயந்தவள் போல் இருந்தாள். கைகள் சில்லென்று இருந்தன. அவளும் வலதுக்குத்தான் போனாள். டேப்பைச் சுற்றினாள்: முப்பத்து நான்கு. இடதில் சுற்றினாள்: முப்பத்து ஏழு. மறுபடி இரண்டிலும் சுற்றிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வலதுன்னு நினைச்சுக்கிட்டே வந்துட்டேன் தாத்தா. தப்பு. இடதுதான்" என்றாள். மூச்சைப் பற்றிக் கேட்டாள். படுக்க வைத்தாள். டாக்டரைக் கூப்பிடப் போவதாகச் சொன்னாள். மணி அடித்தது.

'வலதுன்னு நினைச்சுக்கிட்டே வந்துட்டேன்.' கேமராவில் பதிவாகியிருக்கிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

முதல்வருக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். காலை மாற்றியதற்கு மேடம் என்னோடு சண்டை. "என்னைக் கேக்காம எப்படி சார் மாத்துவீங்க?" கேட்டிருந்தால் அதுவும் வெளியே போயிருக்கும் என்றேன். மேடத்தின் முகம் சிவந்துவிட்டது.

ஜூலை 11, வியாழன்

சமையல் எரிவாயு வந்தது. மோட்டார் பழுது, மெக்கானிக்கை நம்பாமல் நானே பிரித்துப் பார்த்தேன். கல்லூரியிலிருந்து போன் இல்லை. மூடி மறைக்கிறார்கள்.

ஜூலை 12, வெள்ளி

மேடம் போன் செய்தார்கள். விசாரணை தொடங்கிவிட்டதாம். ஒன்பது பேரில் எட்டுப் பேர், "வீங்கியிருக்கிற மாதிரி தெரிஞ்சுது" என்று ஒரே குரலில் சொல்லித் தப்பித்துவிட்டார்கள். தப்பாகப் பார்ப்பது குற்றமில்லை, மார்க்தான் குறையும். முன்கூட்டியே தெரியும் என்று தன் வாயாலேயே சொன்னவள் எப்சிபா மட்டும். குற்றம் உறுதியானால் ஒரு வருடம் தேர்வு எழுத முடியாது. வருகிற வியாழன் முடிவு.

"அந்தப் பொண்ணு என்னமோ உங்களை ரோட்டுல பார்த்தேன்னு சொல்லுதா. நம்புற மாதிரி இல்ல. நீங்க வெளியில யார்கிட்டயாவது கேஸைப் பத்திப் பேசினீங்களா சார்?"

"ஒரு வார்த்தை பேசவில்லை" என்றேன். அது சத்தியம். கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

"நான் அப்படித்தான் முதல்வர்கிட்ட சொன்னேன்" என்றார்கள்.

பழியை என் மேல் திருப்பப் பார்க்கிறாள். ஒல்லியாக இருந்தால் என்ன, விஷயம் தெரிந்த பெண்.

ஜூலை 13, சனி

பேச்சியம்மாள் ஃபைலை எடுத்து வெயிலில் வைத்தேன், பூச்சி பிடிக்கிறது. ஆஸ்பத்திரி மேல் நான் கொடுத்த புகாரின் ஏழு வருடத்துக் கடிதங்கள். கடைசிக் கடிதம்: 'சிகிச்சையில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை.' வாக்கரை நீட்டிய அந்தப் பையன் வாக்குமூலத்தையும் தைத்து வைத்திருக்கிறேன். அதை நான் படிப்பதில்லை.

ஜூலை 15, திங்கள்

பிச்சையாவை விடக்கூடாது என்று டீக்கடைக்குப் போனேன். அவன் அங்கே எந்தப் பிள்ளைகளோடு பேசுகிறான் என்று விசாரிக்க. கடைக்காரி மாடத்தி என்னைப் பார்த்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, கால் தேவலையா? இன்னைக்கு ஜம்முனு நடந்து வாரிய."

"என் கால் உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்ல கூத்தா இருக்கே! ஒரு வாரமா என் கடை வாசல்லதான நின்னு நின்னு முனங்கிக்கிட்டுப் போனிய. எங்க வீட்டுக்காரர் கூட, இந்தப் பெரியவரு இன்னைக்கு விழுந்துருவாரு நாளைக்கு விழுந்துருவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு."

டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே விடுதி மாடியைக் காட்டினாள்.

"அந்தப் பிள்ளைய எல்லாம் அங்ஙன நின்னு வேடிக்கை பாக்கும். வலது கால்ல ரத்தக்கட்டு, தாத்தா இன்னைக்கு நாலு தடவை நின்னாரு, அஞ்சு தடவை நின்னாருன்னு இங்க வந்து வடை திங்கையில அதே பேச்சுதான். ஒரு பிள்ளை மட்டும் ஓடி வந்து உங்ககிட்ட சொல்லுச்சு பாருங்க, எப்சிபான்னு. அதப் போயி ஏசி விட்டுட்டியளே அண்ணாச்சி. பாவம், அழுதுக்கிட்டே வந்துச்சு. பின்னாலயே வந்து நீங்க பஸ் ஏறுற வரைக்கும் பாத்துட்டுத்தான் போச்சு."

பிச்சையாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வடை எண்ணெய் குடித்திருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 17, புதன்

நான் பயிற்சி செய்தேன். ரோடு பொது ரோடு. மாடியில் நின்று பார்த்தது அவர்கள் தப்பு. இல்லாத வீக்கத்தை அளந்து எழுதிய ஆறு பேர் ஆறு பேர்தான், அதில் மாற்றமில்லை. காலை மாற்றியதால்தான் அது வெளியே வந்தது. நான் மாற்றியது சரி.

அந்தப் பெண்ணும், பார்த்தேன் என்று சொன்னவள் எங்கே, எப்போது, என்ன பேசினோம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கலாமே? முனகினால் யார் காதில் விழும்? மெதுவாகச் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் ஒன்றுதான். அன்று வார்டில் அந்தப் பையனும் அப்படித்தான். 'இன்னைக்கு ஒரு நாள் விட்டுப் பாப்பமா சார்' என்று வாய்க்குள்ளேயே சொன்னான். சொல்வது என்றால் அப்படியா சொல்வது? ஒரு அதட்டலுக்கு வாக்கரை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

நாளை வியாழன். வேட்டியைப் பெட்டி போட்டு வைத்தேன்.

ஜூலை 18, வியாழன்

என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். முதல்வர் அறை வாசலில் பிச்சையா நின்றிருந்தான். அவனையும் விசாரித்திருக்கிறார்கள், என் கடிதத்தை வைத்து.

"வாங்க அண்ணாச்சி. மிச்சம் மீதி யார் பேரையாவது எழுதணுமா? வாட்ச்மேன் இருக்காரு, தோட்டக்காரர் இருக்காரு."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் முதல்வர், பக்கத்தில் மேடம். எதிரே நாற்காலியில் உட்காராமல் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"சார், இது மூடிய விசாரணை" என்றார் முதல்வர்.

"பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். காட்டிவிட்டுப் போகிறேன்."

வேட்டியை மடித்துக் கட்டினேன். கதவிலிருந்து ஜன்னல் வரை வலது காலை இழுத்து நடந்தேன். நடுவில் நின்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். திரும்பி ஜன்னலிலிருந்து கதவு வரை. முதல்வர் எழுந்தே விட்டார். மேடம் மட்டும் உட்கார்ந்தபடி கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மூன்றாம் தேதியிலிருந்து எட்டாம் தேதி வரை, பஸ் நிறுத்தத்திலிருந்து உங்கள் வாசல் வரை, போகவர. காலுறை போட்டுக்கொண்டு. விடுதி மாடியிலிருந்து தெளிவாகத் தெரியும்."

"இதேதான் சார்," என்றாள் அந்தப் பெண். "இதத்தான் நான் சொன்னேன்."

"போன்ல கேட்டப்போ இல்லைன்னு சொன்னீங்களே!" என்றார்கள் மேடம்.

"பேசினேனா என்று கேட்டீர்கள். பேசவில்லை."

வெளியே பிச்சையா சிரித்தது உள்ளே கேட்டது. சிரிக்கட்டும்.

முதல்வர் அந்தப் பெண்ணைப் பார்த்து, அப்படியானால் பரீட்சையில் ஏன் அதை உடனே சொல்லவில்லை என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "உள்ள வந்து இவங்களைப் பாத்ததும் ரோட்டுல பாத்த கால்தான் மனசுல வந்துச்சு சார். நிசமாவே நோவுன்னு நினைச்சிருந்தேன். நடிப்புன்னு தெரிஞ்சதும்... தாத்தாவுக்கு ஒண்ணுமில்லைன்னு நிம்மதியா இருந்துச்சு. வேற ஒண்ணும் தோணல."

குற்றச்சாட்டு ரத்து. இரண்டு நாள் தேர்வும் ரத்து. இருபத்தேழு பேருக்கும் திங்கட்கிழமை வேறு விதமாக மறுதேர்வு. அந்த ஆறு பேருக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். "அதை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் முதல்வர். பார்க்க மாட்டார்கள். ஒரு கடிதம் எழுத வேண்டும்.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. பழுதைக் காட்டினேன்.

ஜூலை 20, சனி

மேடம் போன். கோபம் தணியாத குரல். திங்கட்கிழமைக்கு ஆள் கிடைக்கவில்லையாம். "உங்களை நோயாளியா போட முடியாது சார். முகத்தைப் பார்த்தாலே எல்லாரும் காலைத்தான் பார்ப்பாங்க. இந்தத் தடவை கட்டிலில் ரப்பர் பொம்மைதான். நீங்க நோயாளிக்குக் கூட வந்தவர். புருஷன். கேஸ் அதேதான், கால் வீக்கம், மாணவருக்கே தெரியும், தாளில் எழுதியே கொடுத்துருவோம். ஆனா நீங்க, நடக்க வச்சே ஆகணும்னு பிடிவாதம் பிடிக்கணும். மூணு தடவை. மூணாவது தடவைக்கும் அசையலைன்னா விட்டுருங்க. உங்களுக்கு இது கஷ்டமா இருக்காதுன்னு நினைக்கிறேன்."

என்னைக் குத்துகிறார்களா, அல்லது எங்கேயோ விசாரித்துவிட்டார்களா? இந்த ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. யாரிடமும் நான் சொன்னதில்லை. அந்தப் பையனையும் என்னையும் தவிர அப்போது வார்டில் ஆள் இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு நானே போன் செய்து வருகிறேன் என்றேன்.

ஜூலை 22, திங்கள்

இருபத்தேழு பேருக்கும் முடிந்தது. மூன்று தடவை அதட்டலுக்குள் எட்டுப் பேர் வாக்கரை எடுத்து நீட்டினார்கள். இரண்டு பேர் முதல் அதட்டலுக்கே. அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

எப்சிபாவுக்கு ஐந்துக்கு நான்கு போட்டேன். ஒன்று ஏன் குறைத்தீர்கள் என்று மேடம் கேட்டார்கள். குரல் நடுங்கியது என்றேன். அவர்கள் நாற்பதுக்கு முப்பத்தாறு போட்டிருக்கிறார்கள். தேறிவிட்டாள்.

அவள் கடைசியாக வந்தாள். பொம்மைக்கு நரைத்த முடி வைத்து, போர்வை போர்த்தியிருந்தார்கள். தாளில் பெயர் சரஸ்வதி. அவள் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தாள், அளந்தாள். தாளில் எழுதியிருந்தும் அளந்தாள். "இன்னைக்கு நடக்க வேண்டாம் தாத்தா. டாக்டர் வந்து காலைப் பாத்துரட்டும்" என்றாள்.

"டாக்டர்தான் நேத்தே நடக்கச் சொல்லிட்டாரே. எழுப்பு."

"இல்ல தாத்தா. வீங்கியிருக்கு."

"படுத்தே கெடந்தா வீங்கத்தான் செய்யும். நடந்தாத்தான் வடியும். எழுப்புன்னு சொல்லுதேன்."

"மாட்டேன் தாத்தா."

"எனக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமா? நேத்துப் பொறந்த புள்ள. எழுப்புட்டீ!"

மூன்று முடிந்தது. அதோடு நான் விட்டிருக்க வேண்டும். மேடம் பிறகு அதற்காகவும் கோபப்பட்டார்கள். மற்றவர்களுக்கு மூன்று, இவளுக்கு மட்டும் ஏன் அத்தனை என்று. நான் எண்ணவில்லை. வாக்கரை நானே எடுத்து வந்தேன். கட்டிலோடு ஒட்டி வைத்தேன். அவ சோம்பேறி, நான் சொன்னாத்தான் எந்திரிப்பா, பேச்சியம்மா, எந்திரிட்டீ, எட்டு நாளா என்னய ஆஸ்பத்திரியில போட்டு வதைக்கிதியே என்று என்னென்னவோ. வாய் தன்பாட்டுக்குப் போனது. மணி அடித்ததாகப் பிச்சையா சொல்கிறான். பெயரை மாற்றிச் சொன்னதாகவும் சொன்னான். நாக்குத் தவறியிருக்கும்.

அந்தப் பெண் வாக்கருக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து நின்றாள். வாக்கரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்தேன், விடவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏசுங்க தாத்தா. எவ்வளவுன்னாலும் ஏசிக்கிடுங்க. நான் எழுப்ப மாட்டேன்."

"நான் அவ புருசன்!"

"இருந்துக்கிடுங்க. எழுப்ப மாட்டேன்."

அவள் வாக்கரை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிச் சுவரோரம் வைத்தாள். பிறகு குரலைத் தணித்து, "ஒரு உதவி செய்யுங்க தாத்தா. நான் பாட்டிக்கிட்ட இருக்கேன். நீங்க போயி சிஸ்டரக் கூட்டிட்டு வாங்க. சீக்கிரம் போங்க" என்றாள்.

போனேன். கதவைத் திறந்து வராந்தாவில் வேகமாகப் போனேன். கல்லூரி வராந்தா, இருபுறமும் வகுப்பறைகள். கடைசி வரை போனேன். "சிஸ்டர்" என்று கூப்பிட்டேன். வகுப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படி இறங்கி, கீழேயும் போய்ப் பார்த்தேன்.

பிச்சையா ஓடி வந்து கையைப் பிடித்தான். "அண்ணாச்சி, எங்க போறிய? பரீட்சை முடிஞ்சிட்டு. இங்க ஏது சிஸ்டர்?"

"இருக்கணும்," என்றேன். "அந்தப் பொண்ணு கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கா."